மாமா கட்டிய ஸ்கைஹாக்கைப் பழுது பார்த்த கதை

மாமா வீட்டுக் கண்ணாடி அலமாரியை இடம் மாற்றும்போது மேல்தட்டில் இருந்த ஏ-4 ஸ்கைஹாக் என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் நழுவித் தரையில் விழுந்தது. அலமாரியின் ஒரு முனையைப் பிடித்திருந்தவன் நான். மாமா எதுவும் சொல்லவில்லை. குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்து, தட்டை என் கையில் கொடுத்தார்.

அவர் சிங்கப்பூர் ஆகாயப் படையில் தொழில்நுட்பராக இருந்தவர். தெங்கா தளத்தில் பல வருடம் ஏ-4 விமானங்களோடுதான் வேலை. சிங்கப்பூர் 1970களில் வாங்கியவை அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தி ஒதுக்கியிருந்த பழைய ஏ-4பி விமானங்கள். அவற்றைப் புதுப்பித்து ஏ-4எஸ் ஆக்கினார்கள். 1980களின் பிற்பகுதியில் எஃப்404 எஞ்சின் பொருத்தி ஏ-4எஸ்யு ஆக மாற்றினார்கள். ஓடுபாதையைத் தவிர வேறு எதையும் இங்கே அவை பார்க்கவில்லை என்றாலும், பிறந்தது விமானந்தாங்கிக் கப்பலுக்காக. 2005இல் அவை முன்னணிப் பணியிலிருந்து விலகிய பிறகுதான் மாமா இந்த மாடலைக் கட்டினார். ஹசேகவா நிறுவனத்தின் 1/48 கிட், அதாவது நிஜ விமானத்தில் 48இல் ஒரு பங்கு அளவு. சிங்கப்பூர் அடையாளம் போடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் தனியாக ஒரு டீக்கால் தாள் (எழுத்தும் சின்னமும் ஒட்டும் படலம்) வாங்கி, வியட்நாம் போர்க்கால ஏ-4ஈ ஒன்றைக் கட்டினார். பெயர் லேடி ஜெஸ்ஸி.

இப்போது அவர் கை நடுங்குகிறது. கண்ணும் முன்போல இல்லை. அதனால் வேலை எனக்கு வந்தது. மூன்று வாரம், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய மாடலைப் பழுது பார்ப்பவர்களுக்கு உதவும்.

தட்டில் இருந்த சேதம் இதுதான்: இடது பிரதானக் கால் நடுவில் முறிந்திருந்தது. மூக்கின் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எரிபொருள் நிரப்பும் குழாய், அதாவது புரோப், இரண்டாக ஒடிந்து ஒரு துண்டு காணாமலே போய்விட்டது. இடது இறக்கையின் முன்விளிம்பில் வழுக்கி வெளியே வரும் தகடு, அதாவது ஸ்லாட், பிய்ந்து வந்திருந்தது. பின்னால் கீல் வைத்துத் திறந்த நிலையில் ஒட்டியிருந்த கேனப்பி, அதாவது விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி, கழன்றிருந்தது. இது போக விழுந்ததற்குச் சம்பந்தமில்லாத ஒரு பழைய நோய்: மேலே அடித்திருந்த வார்னிஷ் வருடங்களில் மஞ்சளாகி, வெள்ளை வயிறு பழைய பற்சிப்பி போல ஆகியிருந்தது.

முதலில் தூசி. பெண்கள் முகத்துக்குப் போடும் மென்மையான பிரஷ், அப்புறம் லேசாக ஈரம் தொட்ட காட்டன் பட். பழைய மாடலைத் தண்ணீரில் முக்கக் கூடாது. உள்ளே எங்கே என்ன பசை போட்டிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. இதற்கே ஒரு மாலை போனது.

காலில்தான் பெரிய வேலை. ஸ்கைஹாக்கின் கால் நீளமானது, மெல்லியது. உடம்பு சின்னது. அதனால் நிற்கும்போது கொக்கு போல இருக்கும். இந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் டக்ளஸ் நிறுவனத்தின் எட் ஹெய்னமன் இதை வடிவமைத்தபோது, வயிற்றின் நடுவில் ஒரு அணுகுண்டைத் தொங்கவிட வேண்டும் என்பது கணக்கு. குண்டு தரையில் இடிக்காமல் இருக்கக் கால் உயர்ந்தது. ஆனால் நீளக் காலை மடக்கி வைக்க இறக்கையில் இடம் வேண்டுமே? அதற்காக ஸ்பாரை, அதாவது இறக்கையின் முதுகெலும்பை, வெட்டினால் எடை ஏறும். அவர் வெட்டவில்லை. சக்கரம் மட்டும் ஸ்பாருக்கு முன்னால் இறக்கைக்குள் போகும். கால் ஸ்பாருக்கு அடியிலேயே ஒரு சிறு புடைப்புக்குள் படுத்துக்கொள்ளும். இறக்கைக்குக் கீழே நீளமாகத் தெரியும் அந்தப் புடைப்பு இதற்காகத்தான். கால் முன்பக்கமாக மடங்குவதால், ஹைட்ராலிக் போய்விட்டாலும் பூட்டை விடுவித்தால் போதும். சொந்த எடையும் எதிர்க்காற்றும் சேர்ந்து காலைக் கீழே இழுத்துப் பூட்டிவிடும்.

கடற்படை அனுமதித்த எடை சுமார் 13,600 கிலோ. ஹெய்னமன் கொண்டுபோன வடிவம் ஏறக்குறைய அதில் பாதி. இறக்கையின் அகலம் முனைக்கு முனை 8.38 மீட்டர்தான் என்பதால், கப்பலின் லிஃப்டில் இறங்க இறக்கையை மடிக்கவே தேவையில்லை. கீல் இல்லை, மடிக்கும் எந்திரம் இல்லை, அந்த எடையும் இல்லை. 1/48இல் இது 17.5 செ.மீ. ஒரு சாண் கூட முழுதாக இல்லை. மாடலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் யோசிக்கும்போது ஹெய்னமன் மேல் பெரிய மரியாதை வருகிறது.

சரி, முறிந்த கால். கால் சுமார் 2 மி.மீ. தடிமன். இரண்டு முனைகளையும் வெறுமனே ஒட்டினால் ஒரு வாரம் கூட நிற்காது, ஏனென்றால் மூக்கில் மாமா வைத்த ஈய எடை முழுவதையும் மூன்று கால்தான் தாங்குகிறது. (ஸ்கைஹாக் மாடலில் மூக்குக்குள் எடை வைக்காவிட்டால் வால் குத்தி உட்கார்ந்துவிடும்.) அதனால் உள்ளே பித்தளைக் கம்பி வைப்பது என்று முடிவு செய்தேன். 0.5 மி.மீ. கம்பி, அதே அளவு துளையிடும் ஊசி, விரலால் சுழற்றும் கை டிரில்.

இரண்டு துளையும் நேருக்கு நேர் வருவதுதான் சிரமம். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு முனையில் முதலில் துளை போட்டு, அதில் கம்பியை வைத்து, நுனி இம்மி அளவு வெளியே தெரியும்படி விடுங்கள். நுனியில் ஒரு பொட்டு சிவப்பு பெயிண்ட். இரண்டு துண்டையும் சரியாகப் பொருத்தி ஒரு முறை அழுத்தி எடுத்தால், எதிர்ப்பக்கம் புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளியில் துளை. மேல்துண்டில் இப்படி நேராக வந்தது. கீழ்த்துண்டில் அவசரப்பட்டேன். ஊசி சாய்ந்து பக்கவாட்டில் வெளியே வந்துவிட்டது. அந்த ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி போட்டேன். ஒரு துளை, ஒரு நாள்.

கம்பியைச் சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். இங்கேதான் அடுத்த தவறு. தூசி படக் கூடாது என்று விமானத்தையும் கழன்ற கேனப்பியையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கேனப்பி முழுவதும் வெள்ளைப் பனி. சூப்பர் குளூ காயும்போது வரும் ஆவி மூடிய இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடி மேல் படிந்துவிடும். ஈரக் காற்றுள்ள ஊரில் இது இன்னும் மோசம். தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் செய்தேன்.

கேனப்பியை மீட்க இரண்டு மாலை ஆனது. மிக நுண்ணிய தேய்ப்புத் துணியைத் தண்ணீர் தொட்டு, 4000இல் தொடங்கி 12000 வரை படிப்படியாக. அதற்குப் பிறகு தமியா பாலிஷிங் காம்பவுண்ட், கரடு, நுண், முடிப்பு என்று மூன்று வகையும். ஒரே திசையில் தேய்க்க வேண்டும், அழுத்தக் கூடாது. சட்டகத்துக்குப் பெயிண்ட் அடித்திருந்த விளிம்புகளை முன்பே மறைப்பு டேப் போட்டு மூடிவிட்டேன். உள்பக்கம்தான் கஷ்டம். விரல் போகாது, பல்குத்தும் குச்சியின் நுனியில் துணியைச் சுற்றித் தேய்த்தேன். முடிவில் காக்பிட்டின் டயல்கள் பழையபடி தெரிந்தன. மாமா ஒவ்வொரு டயலுக்கும் தனித்தனியாக வெள்ளைக் கோடு போட்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

புரோப் எளிதாக முடிந்தது. உடைந்ததை ஒட்டாமல் புதிதாகவே செய்தேன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பித்தளைக் குழாய்கள், முனைக்கு மழுங்கிய ஊசித் துண்டு. பிளாஸ்டிக்கை விட நேராக இருக்கிறது, இனி ஒடியாது. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: மாமா கட்டியது 1967 விமானம், அதற்குப் புரோப் நேராக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வளைந்த புரோப் பின்னால் வந்தது. அதேபோல முதுகில் ஒட்டகத் திமில் போன்ற மின்னணுப் பெட்டியும் இந்தக் கால ஏ-4ஈக்குக் கிடையாது. டைகாஸ்ட், அதாவது உலோகத்தில் வார்த்துத் தயாராக வரும் மாடல் வாங்குபவர்களும் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஹாபி மாஸ்டர் 1/72இல் வெளியிட்ட ஸ்கைஹாக்குகளில் வகை வகையாக உண்டு; உள்ளங்கையில் அடங்கும் 11.6 செ.மீ. இறக்கையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இறக்கைக்கும் வயிற்றுக்கும் கீழே எண்ணிப் பாருங்கள்: ஏ-4ஈயிலிருந்து குண்டுகளை மாட்டும் தொங்கு முனைகள் மொத்தம் ஐந்து, அதற்கு முந்தைய பி, சி வகைகளில் மூன்று. வாலில் உள்ள சுக்கானையும் பாருங்கள். ஸ்கைஹாக்கின் சுக்கானில் தகடு நடுவில் ஒன்றே ஒன்று, விலா எலும்புகள் வெளியே தெரியும். சுக்கான் அதிர்ந்ததைச் சரிசெய்யத் தற்காலிகமாகப் போட்ட ஏற்பாடு அது. 1979இல் கடைசி விமானம் வெளிவரும் வரை அப்படியே இருந்தது. மொத்தம் 2,960 விமானங்கள்.

ஸ்லாட்டில்தான் மாமா தலையிட்டார்.

பிய்ந்து வந்த ஸ்லாட்டின் பின்னால் இருந்த சின்னத் தண்டவாளங்கள் எல்லாம் நொறுங்கிப்போயிருந்தன. அவற்றைப் புதிதாகச் செய்வதை விட, ஸ்லாட்டை மூடிய நிலையில் இறக்கையோடு ஒட்டிவிட்டால் உறுதியாக இருக்கும் என்று தோன்றியது. ஒட்டினேன். வலது பக்கத்தையும் அதற்கேற்ப மூடிவிடலாம் என்று இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். மேசை விளக்கைக் கிட்டே இழுத்து, மாடலைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

“என்ன மாப்ள, மூடிட்டே?”

“தண்டவாளம் உடைஞ்சிருச்சு மாமா. இப்படின்னா விழாது.”

“நிக்கிற ஸ்கைஹாக்ல இது மூடியிருக்காதுப்பா. மோட்டாரா இருக்கு இதுக்கு? தானா தொங்கும். நாங்க சுத்தி வந்து செக் பண்ணும்போது இப்படி விரலால தள்ளுவோம். வழுக்கிட்டு உள்ளே போகணும். விட்டா மறுபடி வெளியே வரணும். எங்கேயாவது பிடிச்சா அன்னைக்கு அது பறக்காது.”

சொல்லிக்கொண்டே காற்றில் இரண்டு விரலால் தள்ளிக் காட்டினார். விரல் நடுங்கியது, ஆனால் தள்ளும் அளவு சரியாக இருந்தது. ஒரு முழ நீளம் அல்ல, ஒரு சாணும் அல்ல. எத்தனையோ முறை செய்த கைக்குத் தெரிந்த ஒரு தூரம்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஸ்கைஹாக்கின் ஸ்லாட்டுக்கு மோட்டாரும் இல்லை, ஹைட்ராலிக்கும் இல்லை. வேகமாகப் பறக்கும்போது காற்றின் அழுத்தம் அதை உள்ளே தள்ளி மூடி வைக்கும். வேகம் குறைந்து மூக்கு உயர்ந்தால் அதுவாக வெளியே வந்து, கப்பல் தளத்தில் இறங்குவதற்கு வேண்டிய தூக்குவிசையைத் தரும். நிற்கும்போது தொங்கும். விதிவிலக்கு அமெரிக்கக் கடற்படையின் வான்சாகசக் குழுவான புளூ ஏஞ்சல்ஸ். 1974 முதல் 1986 வரை ஸ்கைஹாக்கில் வித்தை காட்டிய அவர்கள், இறக்கைக்கு இறக்கை ஒட்டிப் பறக்கும்போது ஸ்லாட் திடீரென்று வெளியே வரக் கூடாது என்று அதைப் பூட்டிவிட்டார்கள். நீலமும் மஞ்சளும் அடித்த மாடல் என்றால் மூடி ஒட்டலாம். லேடி ஜெஸ்ஸிக்கு முடியாது.

மறுபடி பிரித்தேன். சூப்பர் குளூ குளிரில் நொறுங்கும் தன்மை உள்ளது. இறக்கை அளவுக்கு ஃப்ரீஸரில் இடம் செய்து, பைக்குள் போட்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டு எடுத்து, மெல்லிய பிளேடை விளிம்பில் நுழைத்தேன். ‘டிக்’ என்று கழன்றது. 0.3 மி.மீ. பிளாஸ்டிக் தாளில் புதிய தண்டவாளங்களை வெட்டினேன். வலது இறக்கையில் மாமா விட்டிருந்த வளைவைத் தாளில் தடவி எடுத்து அதையே அச்சாக வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் நெல் மணி அளவு. நான்கு தடவை வெட்டி, இரண்டு தொலைந்து, கடைசியில் பொருந்தியது. இந்த முறை தமியாவின் நீர்த்த பசை, ஆவி தொல்லை இல்லை.

பெயிண்டைப் பற்றி. 1967 அமெரிக்கக் கடற்படை நிறம் மேலே வெளிர் சாம்பல், அமெரிக்க அரசின் நிற வரிசை எண்ணில் எஃப்எஸ் 16440. கீழே வெள்ளை, எஃப்எஸ் 17875. மிஸ்டர் கலர் என்ற மாடல் பெயிண்ட் வரிசையில் 315ம் 316ம். இறக்கையின் மேல்பக்கம் சாம்பல் என்றாலும் அசையும் பகுதிகள் வெள்ளை. சக்கரக் குழிகள் வெள்ளை, அவற்றின் கதவு விளிம்புகளில் மட்டும் சிவப்புக் கோடு. அந்தக் கோட்டை பிரஷின் நுனியால் போடாமல் பக்கவாட்டை விளிம்பில் வைத்து இழுத்தால் நேராக வரும்.

மஞ்சளான வெள்ளையை 2000 உப்புத்தாளில் ஈரமாகத் தேய்த்து, வார்னிஷ் படலத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புது வெள்ளை அடித்தேன். முதல் தடவை மழை நேரத்தில் அடித்ததால் லேக்கர் பால் போல வெளிறியது. அடுத்த முறை ஏசி போட்டு, ஒரு மணி நேரம் அறை காய்ந்த பிறகு, மெல்லிய நான்கு பூச்சாக அடித்தேன். நின்றது.

சாம்பல் பக்கத்தை நான் தொடவில்லை. அதன் மேலும் அதே மஞ்சள் வார்னிஷ்தான். ஆனால் அதற்கு அடியில் மாமா ஒட்டிய டீக்கால்கள் இருக்கின்றன. வாலில் ஏஎச் என்ற எழுத்துகள், ஒரிஸ்கனி என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் 16ஆவது விமானப் பிரிவின் அடையாளம். அப்புறம் அந்தப் பெயர். உப்புத்தாள் பட்டால் அதுவும் போய்விடும். கொஞ்சம் பழுப்பேறிய சாம்பலோடு வாழலாம். உப்புக் காற்றிலும் கரியிலும் மாதக்கணக்கில் நின்ற விமானம் அதை விட அழுக்காகத்தான் இருந்திருக்கும்.

ஏன் லேடி ஜெஸ்ஸி என்று மாமாவைக் கேட்டேன். அவர் சொன்னது சுருக்கமாக. விஏ-164 என்ற தாக்குதல் படைப்பிரிவில் டிக் பெர்ரி என்ற விமானி இருந்தார். மாணவராக இருந்தபோது ரீனோ நகரில் சூதாட்ட விடுதித் தொழிலில் இருந்த ஜெஸ்ஸி பெக் என்ற பெண்மணியிடம் வேலை பார்த்தவர். பெர்ரி போருக்குப் போன பிறகு, ஜெஸ்ஸி கப்பலில் இருந்தவர்களுக்குப் பரிசுப் பொட்டலங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார். பெர்ரி தன் ஸ்கைஹாக்குக்கு அவர் பெயரை எழுதினார். 1967 ஆகஸ்டில் வட வியட்நாம் மீது பறந்தபோது ஏவுகணை தாக்கி பெர்ரி இறந்தார். படைப்பிரிவு அந்தப் பெயரை விடவில்லை. அடுத்தடுத்த விமானங்களில் எழுதிக்கொண்டே வந்தார்கள்.

ஒரிஸ்கனி துயரம் நிறைந்த கப்பல். 1966 அக்டோபர் 26 அன்று அதில் பற்றிய தீயில் 44 பேர் இறந்தார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில், அதன் இன்னொரு ஸ்கைஹாக் பிரிவான விஏ-163இல் பறந்த, பின்னாளில் அமெரிக்க செனட்டரான ஜான் மெக்கெய்ன் ஹனோய் மேல் வீழ்த்தப்பட்டு ஒரு ஏரியில் விழுந்து கைதியானார். கப்பலை 2006இல் ஃப்ளோரிடாவின் பென்சகோலாவுக்கு அப்பால் கடலில் மூழ்கடித்து மீன்களுக்குப் பாறைத்திட்டாக விட்டுவிட்டார்கள்.

“நாங்க ரிப்பேர் பார்த்த விமானத்துல சிலதைத் திறந்தா உள்ளே பழைய பெயிண்ட் அடுக்கடுக்கா இருக்கும்” என்றார் மாமா. “எந்தக் கப்பல்ல இருந்துச்சு, யார் ஓட்டினாங்கன்னு நமக்குத் தெரியாது. அதான் பேர் தெரிஞ்ச ஒண்ணைக் கட்டினேன்.”

போன சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையில் வைத்ததும் மாமா முதலில் செய்தது, வாலில் ஒரு விரலை வைத்து மெதுவாக அழுத்தியதுதான். மூக்கு எழுந்தது, விட்டதும் இறங்கி நின்றது. ஒட்டிய கால் அசையவில்லை. அப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்து இடது ஸ்லாட்டையும் வலதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கப்பல் தளத்துல நிக்குதுன்னா சங்கிலி போட்டுக் கட்டியிருப்பாங்களே மாப்ள” என்றார்.

மாடல் கப்பல் கட்டுபவர்கள் பயன்படுத்தும் மெல்லிய சங்கிலி ஒரு முழம் ஆர்டர் செய்திருக்கிறேன். மாடல் நிற்கப்போகும் பலகையில் தளத்தின் கொக்கிக் குழிகளுக்கு மாமா அளவு குறித்து வைத்திருக்கிறார், நடுங்கும் கையால், பென்சிலில். அந்தக் கோடுகளின் மேலேயே துளை போடப் போகிறேன்.